உதை போன இடம்

அடிபட்ட காட்டெருமையை உடனே பின்தொடரக் கூடாது. அதற்குப் படுக்க நேரம் கொடுக்க வேண்டும். படுத்தால் உடம்பு விறைக்கும். விறைத்தால் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமாகும். பின்னால் போகிறவன் உயிரோடு திரும்புவதற்கு அந்தத் தாமதத்தைத்தான் நம்பியிருக்கிறான். ஹராரேக்கு வெகு வடக்கே, ஆங்வா ஆற்றின் காய்ந்த மணலில், இலை உதிர்ந்த ஒரு மோப்பனி மரத்தடியில், மூன்று பேர் அந்த நேரத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஹென்னிங் வலது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். டென்மார்க்கில் பன்றிப் பண்ணை வைத்திருப்பவர், பணம் கட்டி வேட்டைக்கு வந்தவர். நல்ல மனிதர், தான் கொண்டுவந்த துப்பாக்கிக்குப் பயந்தவர். நானூற்று அறுபது அளவுள்ள அந்தத் துப்பாக்கியை விற்றவன், அதற்கு மேல் உலகத்தில் ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொல்லியிருந்தான். தோளுக்கும் அதற்கு மேல் வாங்க இடமில்லை என்பதை அவன் சொல்லவில்லை. அன்று காலை விசையை இழுப்பதற்குச் சற்று முன்னால் அவர் கண்களை இறுக மூடியதைத் தபேரா பார்த்தான். தோட்டா எருமையின் தோளுக்கு வெகு பின்னால், வயிற்றில் போய் விழுந்தது.

"மன்னிச்சிடுங்க" என்றார் ஹென்னிங், மூன்றாவது முறையாக.

"எங்ககிட்ட எதுக்குச் சொல்றீங்க? எருமைகிட்ட சொல்லுங்க" என்றான் முனெட்சி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "நீங்க வண்டிக்கிட்டயே இருங்க. நானும் இவனும் போறோம்."

முனெட்சிதான் உரிமம் பெற்ற வேட்டைக்காரன். தபேரா தடம் பார்ப்பவன். தந்தே பகுதியில் பதினாறு பருவங்களாக இருவரும் ஒன்றாகவே காட்டுக்குள் போயிருக்கிறார்கள். முன்னால் தபேரா கோலோடு, அவன் முதுகுக்குப் பின்னால் முனெட்சி துப்பாக்கியோடு. தபேரா கோலை எந்தப் பக்கம் நீட்டுகிறானோ அந்தப் பக்கம் குழல் திரும்பும். ஏன் என்று முனெட்சி கேட்பதில்லை. கேட்க நேரமிருக்காது.

தபேரா எழுந்துபோய் மணலில் கிடந்த ரத்தத்தை விரலால் தொட்டான். கறுப்பாக இருந்தது. அதில் அரைத்த புல்லின் பச்சை கலந்திருந்தது.

"குடல்" என்றான். "சாக ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் கோபமா இருக்கும்."

"உங்க ஊர்ப் பொம்பளைங்க தண்ணிக்குப் போற பாதை எங்க இருக்கு?"

"இந்தப் புதருக்கு அந்தப் பக்கம்."

முனெட்சி தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து இடுப்பு வாரில் செருகினான். தபேரா திரும்பி வந்து, வழக்கம்போல முனெட்சி தன் இடப்பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தான். போன குளிர்காலத்திலிருந்து அவன் யாரோடு உட்கார்ந்தாலும் அப்படித்தான் உட்காருகிறான்.

அவனுடைய வலது காது செத்துவிட்டது. அது அவனுக்கும் அவன் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

இன்னொரு காது நன்றாகவே இருந்தது. பேச்சு கேட்கும், பறவை கேட்கும், வெகுதூரத்தில் டிராக்டர் கேட்கும். ஆனால் எங்கிருந்து என்று தெரியாது. இரண்டு காதும் உள்ளவனுக்கு இதைப் புரியவைப்பது கடினம். திசை என்பது ஒலியோடு ஒட்டிக்கொண்டு வருவதாக அவன் நினைக்கிறான். அப்படி இல்லை. இரண்டு காதும் தங்களுக்குள் ஒத்துப் பார்த்துத்தான் திசையைச் செய்துகொள்கின்றன. ஒன்று போனால் உலகம் முழுவதும் மிச்சமிருக்கும் காதின் பக்கமே வந்து நின்றுகொள்கிறது. யானை நடந்தாலும் இடப்பக்கம், இலை விழுந்தாலும் இடப்பக்கம். தடம் பார்ப்பவனுக்கு இது முழுச் செவிட்டைவிட மோசம். செவிடனாவது தப்பாகக் கைகாட்ட மாட்டான்.

இன்றுவரை அவன் கண்ணை வைத்துச் சமாளித்து வந்திருக்கிறான். திறந்த வெளியில் அது முடிந்தது. முன்னால் இருப்பதோ திறந்த வெளி அல்ல. கைநீட்டினால் விரல் மறையும் முட்புதர். அதற்குள் வயிறு கிழிந்த ஒரு கிழ எருமை.

*

இதன் தொடக்கம் ஒரு சிரிப்பு.

தபேரா முனெட்சிக்குச் சவீரா. இரண்டு குடும்பங்களுக்கும் பாட்டன் காலத்திலிருந்து வரும் உறவு அது. நண்பன் என்று சொன்னால் போதாது. மற்றவர்கள் சொல்லத் தயங்குவதைச் சவீரா சொல்லியாக வேண்டும். கேலி செய்து சொல்ல வேண்டும். கேட்பவன் கோபப்படக் கூடாது. முனெட்சியின் தகப்பன் இறந்தபோது, பிணம் உள்ளே கிடக்க, தபேரா அவருடைய பழைய கோட்டை மாட்டிக்கொண்டு முற்றத்தில் நின்று, அவர் ஒரு கோழியைப் பதினோரு பேருக்குப் பங்கு வைத்துவிட்டுத் தொடையைத் தன் தட்டுக்கு நகர்த்தும் அழகை நடித்துக் காட்டினான். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். முனெட்சியும் சிரித்தான். அதற்குத்தான் சவீரா.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் முனெட்சிக்கு ஒரு விபத்து. சரிவில் குப்புறப் படுத்து, தோளில் சரியாகப் பதியாத ஒரு விருந்தாளியின் துப்பாக்கியைச் சுட்டான். வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் உதை கழுத்தெலும்பில் விரிசல் விட்டது. தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைப் பிளந்தது. எலும்பு கூடிவிட்டது, புருவம் ஆறிவிட்டது. உடம்பு மட்டும் மறக்கவில்லை. அதன் பிறகு தன் சொந்த நானூற்று ஐம்பத்தெட்டு அளவுத் துப்பாக்கியைச் சுடும்போதும் அவன் தோட்டாக்கள் கீழே விழத் தொடங்கின. துப்பாக்கியைக் குறை சொன்னான், தோட்டாவைக் குறை சொன்னான், வெயிலைக் குறை சொன்னான்.

தபேராவுக்குச் சந்தேகம். ஒருநாள் முகாமில் இலக்குப் பலகையைக் குறிபார்த்துச் சுடும்போது, உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே முனெட்சிக்குத் தெரியாமல் ஒரு வெறுந்தோட்டாவை வைத்தான். முனெட்சி விசையை இழுத்தான். 'டிக்' என்றது. உதைக்க ஒன்றுமே இல்லாத துப்பாக்கியின் முனை ஒரு சாண் கீழே சரிந்தது. கண்கள் மூடியிருந்தன. உடம்பு, வராத உதைக்கு முந்திக்கொண்டு, தன்னைத்தானே உதைத்துக்கொண்டது.

"ஐயோ, பாருங்கடா!" என்று தபேரா தரையில் விழுந்து சிரித்தான். "முதல் ராத்திரி மாப்பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கிட்டான்டா சோகோ! துப்பாக்கி தூங்குது, இவன் துள்றான்!"

சோகோ என்பது முனெட்சியின் குலப்பெயர், குரங்கு. சமையற்காரன் கும்பிராய் கரண்டியோடு வந்து நின்று சிரித்தான். தோல் உரிப்பவர்கள் சிரித்தார்கள். முனெட்சியும் சிரித்தான். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஹராரேக்குப் புறப்பட ஏற்பாடு செய்தான். தபேராவையும் அழைத்துக்கொண்டான்.

நகரத்துக்கு வெளியே துப்பாக்கி பழுதுபார்க்கும் பெட்ரிடிஸ் என்ற கிரேக்கரின் பட்டறை. அவர் ஒவ்வொரு வழியாகச் சொன்னார். துப்பாக்கியின் பின்கட்டையைக் குடைந்து ஈயம் ஊற்றலாம். கனத்த துப்பாக்கி மெதுவாக உதைக்கும். நாள் முழுக்கச் சுமப்பது யார் என்றான் முனெட்சி. கட்டையின் அடியில் தடித்த ரப்பர் வைக்கலாம்; வைத்தார்கள், போதவில்லை. கடைசியில் அவர் மேசை இழுப்பிலிருந்து விரல் நீள இரும்புக் குழாய் ஒன்றை எடுத்தார். பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள். குழல் நுனியில் திருகிவிட்டால், முன்னால் பாய வேண்டிய வெடிப்புகை துளைகள் வழியாகப் பக்கத்திலும் பின்பக்கமாகவும் பாயும். அந்த வேகம் துப்பாக்கியை முன்னால் இழுத்துப் பிடிக்கும். அதை 'பிரேக்' என்றார்.

வேலை செய்கிறதா என்று காட்டவும் அவரிடம் ஒரு வழி இருந்தது. பட்டறைக்குப் பின்னால் மணல்மேட்டின் எதிரே, துப்பாக்கியை நான்கு கம்பிகளில் ஊஞ்சல்போலத் தொங்கவிட்டார். கட்டையின் அடியில் ஒரு பென்சில். பென்சிலுக்குக் கீழே காகிதம் ஒட்டிய பலகை. தூரத்திலிருந்து கயிற்றால் விசையை இழுத்தார். துப்பாக்கி பின்னால் ஆடியது. பென்சில் ஒன்றரைச் சாண் கோடு கிழித்தது. பிரேக்கைத் திருகி மறுபடி சுட்டார். ஒரு சாண்கூட இல்லை.

முனெட்சி இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் வந்த நிம்மதியைத் தபேராவால் இப்போதும் நினைவுகூர முடியும். ஆனால் இரண்டாவது வெடியின்போது, ஓரமாக நின்றிருந்த தன் கன்னத்தில் யாரோ அறைந்தது போலிருந்ததும் அவனுக்கு நினைவிருக்கிறது. காதுகளைக் கையால் பொத்தியிருந்தான், கன்னத்தைப் பொத்தவில்லை.

"மிச்ச உதை எங்க போச்சு?" என்று கேட்டான்.

"காத்துல போச்சு" என்று சிரித்தார் பெட்ரிடிஸ்.

பதில் தவறில்லை. காற்று எங்கே போய் முட்டியது என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முனெட்சி மறுபடி நன்றாகச் சுட்டான். நன்றாக என்றால் முன்பு சுட்ட அளவுக்கு. அவன் எந்தக் காலத்திலும் அதிசயமாகச் சுட்டவன் அல்ல. ஒவ்வொரு வெடிக்கும் தபேரா குழலின் இடப்பக்கம், முனெட்சிக்கு ஓரடி முன்னால் நின்றான். தடம் பார்ப்பவன் நிற்கும் இடம் அதுதான். துளைகள் அவன் வலது காதைப் பார்த்திருந்தன. பஞ்சு அடைத்துக்கொள்ளலாம், ஆனால் காட்டைக் கேட்பதற்காக முன்னால் நடப்பவன் காதை அடைத்துக்கொண்டால் அவன் எதற்கு?

"சத்தம் ஜாஸ்தியா இருக்காடா?" என்று முதல் வாரமே முனெட்சி கேட்டான்.

"நீ விடற குறட்டையவிடக் கம்மிதான்."

முனெட்சி அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. தப்பு இருந்தால் சவீரா சொல்லிவிடுவான். சொல்லாவிட்டால் தப்பு இல்லை. அவர்கள் ஊரில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

முதலில் காதுக்குள் சிள்வண்டு. பிறகு சிள்வண்டும் போனது. ஒரு காலை அவன் மனைவி வலப்பக்கம் நின்று, ததிவாவின் அப்பா என்று பிள்ளை பெயரால் மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, சாட்சாக் களி கிண்டும் துடுப்போடு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"பாபா ததிவா, உங்களுக்கு எம்மேல கோவமா, இல்ல காது கேக்கலையா? கோவம்னா சொல்லிடுங்க, எனக்கு வேலை இருக்கு."

"காது" என்றான்.

அவள் துடுப்பைக் கீழே வைத்தாள். "அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா அதைக் கழட்டிடுவான்."

"கழட்டட்டும்."

"கழட்டினா மறுபடி கண்ணை மூடுவான். நான் சிரிச்சதாலதான் அதைப் போட்டான்."

"நல்லாச் சிரிச்சீங்க" என்றாள். துடுப்பை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போனாள்.

அவன் சொல்லாமல் விட்ட இன்னொரு காரணமும் இருந்தது. அதை மனைவியிடமும் சொல்லவில்லை. காது போனவனைத் தடம் பார்க்க யார் கூப்பிடுவார்கள்?

*

புதருக்குள் நுழைந்ததும் வெயில் நின்றுபோனது. பின்னிக் கிடந்த கிளைகளுக்கு நடுவே எருமை உடைத்துக்கொண்டு போன வழி ஒரு சுரங்கம்போல இருந்தது. தபேரா குனிந்து நடந்தான். இலையில் துடைத்த ரத்தம். ஆழமாகப் பதிந்த குளம்பு. ஓர் இடத்தில் நின்றிருக்கிறது, கால் மாற்றியிருக்கிறது, மறுபடி நடந்திருக்கிறது. படுக்கவில்லை. படுக்காத எருமை எதற்கோ காத்திருக்கிறது.

அவன் இரண்டடிக்கு ஒருமுறை நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான். நல்ல காதை விளக்கைப்போல ஒவ்வொரு பக்கமாகக் காட்டிப் பார்த்தான். பின்னால் முனெட்சியின் மூச்சு கேட்டது; அதுகூட இடப்பக்கமிருந்தே வந்தது.

எங்கோ உண்ணி கொத்தும் பறவை சீறியது. எருமையின் முதுகில் உட்காரும் பறவை. தபேரா உறைந்து நின்றான். சீறல் மறுபடி. தலையைத் திருப்பினான், திருப்புவதற்குள் நின்றுவிட்டது. பிறகு ஒரு கிளை முறிந்தது, மிகத் தெளிவாக, மிக அருகில்.

கோலை இடப்பக்கம் நீட்டினான்.

குழல் அவன் தோளுக்கு மேலாக இடப்பக்கம் திரும்பியது. அதே நேரம் வலப்பக்கம், ஒரு கைத்தூரத்தில், புதர் பிளந்தது. சிறிய மான் ஒன்று அவன் முழங்காலை உரசிக்கொண்டு பாய்ந்து மறைந்தது. முனெட்சியின் துப்பாக்கி இன்னும் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இருவரும் அசையவில்லை. மானின் இடத்தில் எருமை இருந்திருந்தால், இப்போது அசைவதற்கு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

"என்னடா அது?" என்றான் முனெட்சி மூச்சாலேயே. "சத்தம் வலப்பக்கம். சின்னப் பையன்கூடச் சொல்லுவான்."

தபேரா திரும்பினான். கோலைத் தாழ்த்தினான். "என் வலது காது செத்துப்போச்சு."

"எப்போ?"

"போன குளிர்லேர்ந்து."

"எதனால?"

தபேரா குழல் நுனியில் இருந்த துளைகளைப் பார்த்தான். முனெட்சியும் பார்த்தான்.

முனெட்சியின் முகம் மாறிய விதத்தைப் பார்ப்பதைவிட எருமையைப் பார்ப்பதே மேல் என்று தபேராவுக்குத் தோன்றியது.

"நீயெல்லாம் சவீராவாடா?" முனெட்சி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான். "எங்கப்பா பொணத்தை வச்சுக்கிட்டு அவரு கோழித்தொடையைச் சொன்ன வாய்தானே இது? இதைச் சொல்ல வாய் வரலையா? எருமைக்கு முன்னால நிறுத்திட்டுச் சொல்ற!"

"நீ நல்லாச் சுட்டுக்கிட்டிருந்த."

"உன் காதை வச்சுச் சுட்டிருக்கேன்டா, நாயே."

அவன் துப்பாக்கியின் போல்ட் தாழை மெல்லத் திறந்து, உள்ளே இருந்த தோட்டாவை உள்ளங்கையில் வாங்கினான். துப்பாக்கியைக் கிடத்தி, குழலைத் தபேராவின் கையில் திணித்தான்.

"பிடி."

"வேணாம்."

"பிடிடா."

"சோகோ, கேளு. அது வரும்போது நீ கண்ணை மூடினா ரெண்டு பேரும் செத்தோம். ரெண்டு உயிரு போறதுக்கு ஒரு காது போனதோட நிக்கட்டும். அப்படியே சுடு."

"எனக்குத் தோள் ஆறும். ஒனக்கு மிச்சம் இருக்கறது ஒரு காது." கத்தியின் முதுகைத் துளைக்குள் செருகித் திருகினான். புகைக்கரி பிடித்து இறுகியிருந்தது. வெறுந்துப்பாக்கியோடு, வயிறு கிழிந்த எருமை எந்தப் பக்கம் என்று தெரியாத புதருக்குள், இரண்டு நடுவயது ஆண்கள் ஒரு குழாயைக் கழற்றப் போராடினார்கள். கத்தி வழுக்கி முனெட்சியின் கட்டைவிரலைக் கீறியது. அவன் உறிஞ்சித் துப்பிவிட்டு மறுபடி செருகினான். கடைசியில் 'கிரீச்' என்று அது அசைந்தது. அந்தச் சத்தத்துக்கு இருவரும் சிலையாகி நின்றார்கள். ஒன்றும் வரவில்லை. குழாயைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். தோட்டாவை உள்ளே தள்ளினான்.

"நீ திரும்பிப் போ."

"தடம் யாரு பாப்பா? நீயா? மாட்டுச் சாணிக்கும் எருமைச் சாணிக்கும் வித்தியாசம் தெரியாதவன் நீ."

முனெட்சி ஒரு கணம் யோசித்தான். "அப்போ நான் முன்னால. காது என்னோடது, கண்ணு உன்னோடது. பெல்ட்டைப் பிடிச்சுக்கோ. எந்தப் பக்கம்னு இழு."

அப்படி அவர்கள் ஒருநாளும் நடந்ததில்லை. தபேரா தன் விரல்களை முனெட்சியின் இடுப்பு வாருக்குள் முதுகுப்பக்கம் செருகிக்கொண்டு, அவன் விலாவை ஒட்டி எட்டித் தரையைப் பார்த்தபடி பின்னால் நடந்தான். இடப்பக்கம் ஓர் இழுப்பு. நேரே. மறுபடி இடப்பக்கம். துப்பாக்கிக் குழலின் இடப்பக்கம், முன்னால் நின்று பழகியவனுக்கு, ஒரு மனிதனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நடப்பது வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அப்போது அதிக இடமில்லை.

ரத்தம் நின்றுவிட்டது. குளம்படி மட்டும். அதை வைத்துக் கொஞ்ச தூரம். பிறகு தபேரா வாரை இழுத்து நிறுத்தினான்.

தடம் வளைந்தது. நேராகப் போனது வலப்பக்கம் திரும்பி, தூண்டில் முள்போல, வந்த வழிக்கே திரும்பிப் போயிருந்தது. எருமை அவர்களைவிட்டு ஓடவில்லை. சுற்றி வந்து, தன் தடத்துக்குப் பக்கத்திலேயே, பின்தொடர்ந்து வருகிறவர்களுக்காக நின்றுகொண்டிருந்தது. வலப்பக்கம். அவனுடைய செத்த பக்கம். அங்கே அவனுக்கு உலகமே இல்லை.

வாரை வலப்பக்கம் முழு பலத்தோடு இழுத்தான்.

முனெட்சி திரும்பும்போதே அதன் மூச்சைக் கேட்டுவிட்டான். தபேரா அதை அவன் முதுகில் உணர்ந்தான். புதர் முழுவதுமாக எழுந்து அவர்கள்மேல் வருவது போலிருந்தது. கொம்பின் அடிக்கட்டு, ஈரமான மூக்கு, இலை.

அந்தச் சில கணங்களில் தபேரா எருமையைச் சரியாகப் பார்க்கவில்லை. பிறகு யார் கேட்டாலும் அவன் சொன்னது தன் கையைப் பற்றித்தான். வாருக்குள் செருகியிருந்த விரல்களில் முதலில் ஒரு துள்ளல் வந்தது: முனெட்சியின் உடம்பு சுருங்கி முன்னால் சரிந்தது. அதற்குப் பிறகுதான் வெடி. அதற்குப் பிறகுதான் உதை, தோள் வழியாக, முதுகு வழியாக, வார் வழியாக அவன் மணிக்கட்டுக்கு. பதறல் முதலில், உதை பின்னால். தோட்டா தாழ்ந்துவிட்டது என்பது கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அவன் கைக்குத் தெரிந்துவிட்டது.

எருமையின் முன்னங்கால் மடிந்தது. மண்ணை உழுதது. எழுந்தது.

முனெட்சி போல்ட்டை இழுத்துத் தள்ளும் அசைவு வாரில் தெரிந்தது. தபேரா விரல்களை இறுக்கினான். அவன் கையின் கீழே அந்த முதுகு துள்ளவில்லை. இறுகவும் இல்லை. ஒரு மூட்டையைப்போலக் கனமாக, சும்மா இருந்தது. பிறகு உதை மட்டும் வந்தது, தனியாக, முழுதாக. இருவரையும் ஓரடி பின்னால் தள்ளியது.

எருமையின் மூக்கு முனெட்சியின் காலணிக்கு முன்னால் புழுதியில் விழுந்தது.

மூன்றாவது தோட்டாவைக் கழுத்தில் சுட்டான். சுட்டுவிட்டு, அசையாமல் நின்றான். பிறகு பின்னால் திரும்பாமலே, "கேக்குதா?" என்றான்.

இடது காதில் சிள்வண்டு கத்திக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து குரல் வந்தது. "கேக்குது" என்றான் தபேரா. "பெல்ட்டை விடட்டுமா?"

"விடேன். பேன்ட் கழண்டுடப்போகுது."

*

மாலையில் தோலுரிக்கும் கொட்டகை முழுவதும் ஆள். ஹென்னிங் எருமையின் கொம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தொடத் தனக்கு உரிமையில்லை என்பதுபோலக் கையை எடுத்துக்கொண்டார். முனெட்சி சட்டையைக் கழற்றியிருந்தான். தோளில் கத்தரிக்காய் நிறத்தில் பெரிய தடம். சுடும்போது தெரியவில்லை என்றான். இப்போது கை தூக்க முடியவில்லை.

வண்டியின் பின்பலகையில் அந்த இரும்புக் குழாய் கிடந்தது. ஹென்னிங் அதைக் கையில் எடுத்துத் துளைகளைப் பார்த்தார்.

"இது என் துப்பாக்கிக்குப் பொருந்துமா? உதை பாதியாகுமாமே. இருந்திருந்தா இன்னிக்குக் காலையில..."

"அவன்கிட்ட கேளுங்க" என்றான் முனெட்சி, தபேராவைக் காட்டி.

ஹென்னிங் தபேராவின் பக்கத்தில் போய் நின்று கேட்டார். வலப்பக்கம் போய் நின்றார். தபேரா கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தான். அவர் மறுபடி கேட்டார். கொட்டகையில் பேச்சு ஓய்ந்தது. கும்பிராய் சட்டியோடு நின்றுவிட்டான். எல்லோரும் தன்னையே பார்ப்பதைத் தபேரா கண்டு நிமிர்ந்தான். ஒளித்து வைத்தது வெளியே வந்துவிட்டது என்பது அவனுக்குப் புரிந்தது. இந்த ஆட்களுக்கு முன்னால், இனி அவன் தடம் பார்ப்பவன் இல்லை.

அப்போது முனெட்சி தபேராவின் கோலைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவில் வந்தான். குனிந்து, கோழியைப்போலக் கழுத்தை வெட்டி வெட்டி, ஒரு காதைத் தூக்கிக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நடந்தான். "எருமை எங்க? எருமை எங்க?" என்று தபேராவின் குரலில் கேட்டான். நின்றான். கோலைப் பெரிய ஆளைப்போல இடப்பக்கம் நீட்டிவிட்டு, வலப்பக்கம் தொங்கவிட்டிருந்த எருமைத் தலையில் போய் முட்டி அலறினான்.

கொட்டகை சிரிப்பில் வெடித்தது. கும்பிராய் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். ஹென்னிங்குக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிக்கலாமா என்று சுற்றிலும் பார்த்தார்.

"இந்தச் செவிடனைத்தான்" என்றான் முனெட்சி, மூச்சிரைக்க, "நாளைக்கும் கூட்டிக்கிட்டுப் போகப்போறேன். வேற எவனும் என் பெல்ட்டைப் பிடிக்க மாட்டான்."

தபேரா சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது, வந்ததும் நிற்கவில்லை. பிறகு ஹென்னிங்கிடம் கையை நீட்டி, குழாயை வாங்கி, அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் இடப்பக்கம் நிறுத்தினான்.

"இப்ப கேளுங்க சார்."

அவர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"பொருந்தும்" என்றான் தபேரா. "உதை உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்துல நிக்கிறவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க."

ஹென்னிங் அவனுடைய வலது காதைப் பார்த்தார். தோளைத் தேய்த்துக்கொண்டார்.

மறுநாள் விடியலில் அவர்கள் கிளம்பும்போது தபேரா வழக்கம்போல குழலின் இடப்பக்கம் போய் நின்றான். குழல் நுனியில் ஒன்றும் இல்லை. குழாயைத் திருகும் மறை மட்டும் பளபளத்தது. முனெட்சி அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"அங்கயா நிக்கப்போற?"

"செத்த காது துப்பாக்கிப் பக்கம் இருக்கட்டும். அதுக்கு இனி என்ன ஆகப்போகுது?"

"புதருக்குள்ள?"

தபேரா ஓரடி பின்வாங்கி, முனெட்சியின் இடுப்பு வாரை ஒருமுறை இழுத்து, உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.